பாம்பு சட்டை உரிக்கும் சமயத்தில்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ விதை நேர்த்தியைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. நேயர் ஒருவர் எழுதிய கடிதத்துக்குப் பதிலாகவே இந்தப் பேச்சு அமைகிறது. காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்த விவசாயி அவர். பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் அப்படிக் கேட்டார் என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே விளங்கும்.

கடிதத்தின் சாரம் இதுதான். அவருடைய பையன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். வைக்கோல் போரைப் பிரிக்கும்போது அகப்பட்ட ஒரு சாரைப்பாம்பை அடிக்க விடாமல் தடுத்து, மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கிடந்த பழைய கழுநீர்த் தொட்டியில் போட்டு, மேலே கோழி வலையைக் கட்டி, இருபது நாளாக வளர்த்து வருகிறான். எலிப் பொறியில் விழுந்த எலிகளைப் போட்டானாம், பாம்பும் தின்றதாம். இப்போது நான்கு நாளாக அது எதையும் தொடுவதில்லை. உடம்பு சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கிறது. கண் இரண்டும் பால் விட்ட மாதிரி வெளுத்துவிட்டன. கிட்டே போனால் சீறுகிறது. "குருடாகிவிட்டது, இனிப் பிழைக்காது, அடித்துப் போடு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். "கண்ணில் விளக்கெண்ணெய் விடு" என்று பெரியம்மா சொல்கிறார். பையன் சோறு சாப்பிடாமல் அழுகிறான். என்ன செய்யலாம்?

வானொலியில் பதில் வரும் வரையில் பாம்பு காத்திருக்காது அல்லவா? ஆகவே அவருக்குத் தொலைபேசியில் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது கொஞ்சம் விரிவாக உங்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன். ஏனென்றால் பாம்பை வளர்க்காதவர் வீட்டிலும் பாம்பு இருக்கிறது. மோட்டார் கொட்டகையில் இருக்கிறது, போரடியில் இருக்கிறது, வரப்பில் இருக்கிறது. அதன் சட்டையைப் பார்த்தவுடனேயே கம்பைத் தேடுகிறவர்கள் நம்மில் ஜாஸ்தி.

முதலில் அந்தக் கண் சமாசாரம். பாம்புக்கு இமை கிடையாது. நாம் கண் சிமிட்டுவதுபோல அதனால் சிமிட்ட முடியாது. அதற்குப் பதிலாகக் கண்ணின் மேல் ஒரு செதில், கடிகாரத்தின் மேல் கண்ணாடி பொருத்தின மாதிரி, மூடியிருக்கிறது. உடம்பின் மேல்தோல் எப்படியோ அப்படியே அந்தக் கண்ணாடியும் தோலைச் சேர்ந்ததுதான். சட்டை கழலும்போது அதுவும் சேர்ந்து கழல வேண்டும்.

மேல்தோல் என்பது நம்முடைய நகம் என்ன பொருளால் ஆனதோ அதே வகைப் பொருள். ஒரு முறை உருவாகிவிட்டால் பிறகு அது வளராது, தேயத்தான் செய்யும். உள்ளே உடம்போ வளர்ந்துகொண்டே இருக்கிறது. நமக்கும் தோல் உதிர்கிறது. ஆனால் தூள் தூளாக, தெரியாமல் உதிர்கிறது. பாம்புக்கு அது ஒரே சட்டையாகக் கழல்கிறது. பழைய தோலுக்கு அடியில் முதலில் புதுத் தோல் முழுவதும் தயாராகிவிடும். பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு நீர் ஊறும். அந்த நீர்தான் பழைய தோலைப் புதுத் தோலிலிருந்து பிரித்துவிடுகிறது. கண்ணுக்கு மேலேயும் அதே நீர் ஊறுவதால் கண் நீலம் பாய்ந்த பால் நிறமாகத் தெரிகிறது. இது வியாதியும் அல்ல, குருடும் அல்ல. பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி, சில நாளைக்குப் பார்வை மங்கல், அவ்வளவுதான்.

நான்கைந்து நாளில், சில பாம்புக்கு ஒரு வாரத்தில், அந்த நீர் வற்றிவிடும். கண் மறுபடியும் தெளிவாகிவிடும். இந்த இடத்தில்தான் வளர்க்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கண் தெளிந்துவிட்டது, உடம்பு சுகமாகிவிட்டது என்று நினைத்து, கையில் எடுப்பதும் எலியைப் போடுவதுமாக ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையில் சட்டை இன்னும் கழலவில்லை. கண் தெளிந்த பிறகு மேலும் இரண்டு மூன்று நாள், சில சமயம் நான்கு நாள் கழித்துத்தான் கழலும். ஆக, உடம்பு மங்க ஆரம்பித்ததிலிருந்து எண்ணினால் மொத்தம் ஒன்றிரண்டு வாரக் கணக்கு.

கழல்கிற நேரம் வந்ததும் பாம்பு தன் மூக்கைக் கல்லிலோ வேரிலோ செங்கல்லிலோ தேய்க்கும். உதட்டோரம் தோல் விட்டுக்கொடுக்கும். அந்த விளிம்பு எதிலாவது மாட்டிக்கொள்ள, பாம்பு தன் பழைய வாய் வழியாகவே முன்னால் ஊர்ந்து வெளியே வரும். நம் கால்மேசோட்டை மேலிருந்து பிடித்து உருவினால் உள்பக்கம் வெளியாகப் புரண்டு வருகிறதே, அதே மாதிரி. எனவே கிடக்கிற சட்டை உள்வெளியாகத் திரும்பியிருக்கும். தலைப்பக்கம் பாம்பு ஆரம்பித்த இடத்தில் கிடக்கும். வால்பக்கம் அது போன திசையைக் காட்டும். கிராமத்தில் பல பேர் சட்டையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பாம்பைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது நேர் எதிர்ப் பக்கம்! தேடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி, அது வேறு விஷயம்.

இனி அந்தக் கழுநீர்த் தொட்டிக்கு வருவோம். நான் சொன்ன முதல் காரியம், எண்ணெய் விடாதீர்கள் என்பது. விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தாய்ப்பாலோ எதுவும் வேண்டாம். கண்ணில் இருப்பது புண் அல்ல, மருந்து போடுவதற்கு. இரண்டாவது, உரித்து உதவி செய்கிறேன் என்று தோலைப் பிடித்து இழுக்கக்கூடாது. அடியில் இருக்கிற புதுத் தோல் இந்தச் சமயத்தில் மிகவும் மெல்லியது. இழுத்தால் அதுவும் சேர்ந்து கிழியும். கண் செதிலை நகத்தால் கிள்ளினால் கண்ணே போய்விடும். மூன்றாவது, கையில் எடுப்பதே கூடாது. பார்வை மங்கிய பாம்புக்கு எது வந்தாலும் எதிரிதான். சாரைக்கு விஷமில்லை, வாஸ்தவம். ஆனாலும் பெரிய சாரை கடித்தால் ரத்தம் வரும்.

இப்படி வேண்டாம் வேண்டாம் என்பதையே அடுக்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ என்னதாங்க செய்யறது?" என்றார். செய்ய வேண்டியது சொற்பம். ஈரம் வேண்டும், நிழல் வேண்டும், சொரசொரப்பான ஒரு பொருள் வேண்டும், தொந்தரவு இல்லாத இடம் வேண்டும். ஒரு கோணிச் சாக்கை நனைத்துப் பிழிந்து தொட்டியின் ஒரு மூலையில் சுருட்டிப் போடச் சொன்னேன். பாம்பு அதற்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும். தொட்டி முழுவதையும் சேறாக்கிவிடக் கூடாது; மற்ற பாதி உலர்வாக இருக்கட்டும், வேண்டிய இடத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் அடிவயிற்றுச் செதில் புண்ணாகும். அகலமான மண் சட்டியில், கவிழாத மாதிரி, தண்ணீர். பால் அல்ல, தண்ணீர். அதில் உடம்பை நனைத்துக்கொண்டு கிடந்தால் பயப்பட வேண்டாம். மூக்குத் தேய்க்க ஒரு உடைந்த செங்கல்.

கோழி வலை என்று அவர் சொன்னது எனக்குக் கவலையாக இருந்தது. பாம்பு வெளியே போகப் பார்த்து மூக்கை வலையிலேயே தேய்க்கும். கம்பி அறுத்து மூக்கு புண்ணாகி, புண் அழுகி, வாயெல்லாம் சீழ் பிடிக்கும். வலைக்கு உள்பக்கம் ஒரு பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டச் சொன்னேன். தொட்டியை வெயில் படாத இடத்துக்குத் தள்ளவும் சொன்னேன். மாட்டுக்கு வேர்க்கும், நமக்கு வேர்க்கும், பாம்புக்கு வேர்க்காது. நிழலில் போய்த்தான் அது உடம்பைக் குளிர்த்திக்கொள்ள வேண்டும். மூடிய தொட்டியில் சித்திரை வெயில் அரை மணி நேரம் நேராக அடித்தால் சட்டை உரிக்கும் கதையே முடிந்துவிடும்.

உயிரோடிருக்கிற எலியை இந்தச் சமயத்தில் உள்ளே விடவே கூடாது. கண் தெரியாத பாம்பை எலி கடிக்கும். பூனை மூலையில் அகப்பட்டால் எப்படிக் கடிக்கிறதோ, அப்படித்தான் எலியும். பாம்பு பத்து நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. மாடு மாதிரி அதற்கு வேளைக்கு வேளை தீனி தேவையில்லை.

சட்டை கழன்ற பிறகு பார்க்க வேண்டியது பாம்பை அல்ல, சட்டையை. நல்ல சட்டை தலையிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டாக இருக்கும். தலைப்பக்கத்தில் இரண்டு கண் செதிலும் சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால் நுனி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று மிகவும் காய்ந்திருந்தாலோ, பாம்பு தண்ணீர் குடிக்காமல் வாடியிருந்தாலோ, உண்ணி பிடித்திருந்தாலோ, சட்டை துண்டு துண்டாகக் கழலும். அப்போது வால் நுனியில் ஒரு வளையம் போலப் பழைய தோல் தங்கிவிடலாம். விரலில் நூலைச் சுற்றிக் கட்டிவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? ரத்தம் ஓடாமல் நுனி கறுத்து விழுந்துவிடும். அப்படித் தங்கினால் ஈரத் துணியில் கொஞ்ச நேரம் ஊர விட்டால் பெரும்பாலும் தானே வந்துவிடும். கண் செதில் தங்கினால் மட்டும் கால்நடை மருத்துவர் கை வைக்க வேண்டியது, நாம் வைக்கக் கூடாது.

இதெல்லாம் சரி, இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் பாம்பை வளர்க்கலாமா? கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பைப் பிடிப்பதும், அடைத்து வைப்பதும், அடித்துக் கொல்வதும், தோலை விற்பதும் குற்றம். பாம்பாட்டிகள் ஊர் ஊராக வருவது குறைந்துபோனதற்கும் இதுவே காரணம். நகரங்களில் சிலர் வெளிநாட்டுப் பாம்புகளை வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு 2024-இல் மத்திய அரசு தனியாக விதி வகுத்து, வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் வலைத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. நம் வரப்புச் சாரைக்கு அந்தப் பதிவெல்லாம் இல்லை. அது வரப்பில்தான் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னவுடன் அந்த விவசாயி பயந்துவிட்டார். "பையன்மேலே கேஸ் போட்டுருவாங்களா?" என்று கேட்டார். நான் வனத்துறை ஆள் அல்ல, உறுதி கொடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் ஒளித்து வைப்பதைவிட நாமே போய்ச் சொல்வது நல்லது என்றேன். அவரும் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார். வனக் காப்பாளர் வந்து பார்த்தார். பையனைத் திட்டவில்லை என்று கேள்விப்பட்டதில் எனக்குச் சந்தோஷம். கண் வெளுத்திருக்கும்போது பிடித்து மூட்டை கட்டினால் தோல் கிழியும், கழலட்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். எட்டாம் நாள் விடியற்காலையில் சட்டை முழுசாகக் கழன்று கிடந்தது. பையன் அதை நீட்டி அளந்திருக்கிறான். ஆறடி இரண்டு அங்குலம். காப்பாளர் பாம்பைத் தூக்கிப் பிடித்தபோது அதன் நீளம் ஐந்தேகால் அடிக்கு மேல் இல்லையாம். எங்கே போனது மீதி என்று அந்தப் பையன் எனக்கே ஒரு கேள்வி எழுதியிருக்கிறான்.

நல்ல கேள்வி. பாம்பின் உடம்பில் செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே தோல் மடிந்திருக்கிறது. எலியை விழுங்கும்போது விரிய வேண்டுமே, அதற்காக. சட்டை கழலும்போது அந்த மடிப்பெல்லாம் விரிந்துவிடுகிறது. அதனால் சட்டை எப்போதும் பாம்பைவிடப் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்குகூட நீளமாக இருக்கும். ஆகவே கொட்டகையில் ஏழடிச் சட்டையைப் பார்த்துவிட்டு ஏழடிப் பாம்பு என்று ஊரைக் கூட்ட வேண்டாம்.

அந்தச் சாரையை வைக்கோல் போரிலிருந்து இரண்டு வயல் தள்ளி வரப்பில் விட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அது பெரிய நஷ்டம். ஆனாலும் அவன் தந்தைக்கு நான் சொன்னேன், அதை அடிக்காமல் தடுத்தானே, அதற்காகவாவது அவனைக் கோபிக்காதீர்கள் என்று.

ஏன் சொன்னேன் என்றால், சாரை என்ன தின்கிறது என்பதை வயலில் இருக்கிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல் பூக்கிற பருவத்திலிருந்து எலி என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். வயல் எலி கருவுற்று மூன்று வாரத்தில் ஈனுகிறது. ஒரு ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகூட வரும். கதிரை அறுத்து வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிறோம், ஆந்தை உட்காரக் குச்சி நடுகிறோம், விஷ உணவு வைக்கிறோம். கிட்டியும் நச்சும் எலி வெளியே வந்தால்தான் வேலை செய்யும். ஆந்தையும் அப்படித்தான். பாம்பு ஒன்றுதான் எலி வளைக்குள்ளேயே நுழைந்து, கண் திறக்காத குட்டிகளையும் சேர்த்துத் தின்னுகிறது. சாரை பகலில் இரை தேடுவது, ஆந்தை இரவில் தேடுவது; இரண்டு முறைக் காவல் சம்பளமில்லாமல் கிடைக்கிறது. கோழிக் குஞ்சு ஒன்றிரண்டை சாரை தூக்கும் என்பதை நான் மறைக்கவில்லை. குஞ்சுக் கூட்டுக்கு நெருக்கமான வலை அடித்துக்கொள்ளுங்கள்.

சாரை மாட்டின் காலைக் கட்டிக்கொண்டு பால் குடிக்கும் என்று இன்னமும் பல பேர் நம்புகிறார்கள். பாம்புக்கு உறிஞ்சுவதற்கு உதடு கிடையாது. அதன் பற்கள் உள்நோக்கி வளைந்த ஊசிகள்; காம்பைப் பிடித்தால் மாடு சும்மா நிற்குமா? பால் குறைந்தால் தீவனத்தையும் மடிநோயையும் பாருங்கள். வாலால் அடித்தால் உடம்பு அழுகும் என்பதும் கதை. சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கொள்கின்றன என்கிறார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்க்கிற சண்டை.

இப்போது எல்லோருக்கும் பொதுவான விஷயம். வைக்கோல் போரடியிலோ மோட்டார் கொட்டகையிலோ ஒரு சட்டை கிடக்கிறது. என்ன செய்வீர்கள்? முதலில் அது புதிதா பழசா என்று பாருங்கள், ஒரு குச்சியால் தூக்கி. புதிய சட்டை ஈரப்பசையோடு மெத்தென்று இருக்கும். பழைய சட்டை காய்ந்து சருகு மாதிரி சலசலக்கும், தூசி படிந்திருக்கும். பழசு என்றால் அந்தப் பாம்பு போய் எத்தனையோ நாள் ஆகியிருக்கும். சட்டையில் விஷம் ஏதும் இல்லை. அதைப் புகை போட்டால் மாட்டு நோய் போகும், அரைத்துத் தடவினால் தோல் நோய் போகும் என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. பெட்டியில் வைத்தால் பணம் சேரும் என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

எந்தப் பாம்பின் சட்டை என்பதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். தலைப்பக்கம் கிழியாமல் இருந்தால், தலைமேல் அகலமான தகடு தகடாகச் செதில் இருக்கிறதா, அல்லது உடம்பைப் போலவே பொடிப்பொடியாக இருக்கிறதா என்று பாருங்கள். பொடிச் செதில் தலையும், உடம்புச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேட்டுக் கோடும் இருந்தால் அது கண்ணாடி விரியனாகவோ சுருட்டை விரியனாகவோ இருக்கலாம், ஜாக்கிரதை. முதுகின் நடுக்கோட்டில் மட்டும் பெரிய அறுகோணச் செதில்கள் வரிசையாக இருந்து, வாலின் அடியில் செதில்கள் இரட்டையாகப் பிரியாமல் ஒற்றையாக இருந்தால் கட்டுவிரியன் என்று சந்தேகிக்கலாம். தலையில் தகடு, உடம்புச் செதில் வழவழப்பு, கழுத்துப் பகுதி மட்டும் அகலமாக விரிந்திருந்தால் நல்ல பாம்பாக இருக்கலாம். சில சட்டையில் படத்தின் மூக்குக்கண்ணாடிக் குறிகூட மங்கலாகத் தெரியும். தலையில் தகடு, பெரிய கண், நீண்ட வால் என்றால் அநேகமாகச் சாரை. அநேகமாக என்றுதான் சொல்கிறேன். இதை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கு இந்த அடையாளமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தரையில் தடம், எச்சம், சட்டை இவற்றைப் பார்த்தே பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்பு போயிற்று. பிறகு 1978-இல், ரோமுலஸ் விட்டேகர் துணையோடு, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இருக்கிறது. அங்கே நாலு வகை விஷப் பாம்புகளை மண் பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, சில வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் ஒரு குறி வெட்டிவிட்டு மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் நம் ஆஸ்பத்திரியில் போடுகிற முறிமருந்து தயாராகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டிவிட்டு வந்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நான் சொல்ல வந்தது, மண் பானையைப் பற்றி. பானை ஈரம் காக்கும், சூடேறாது, இருட்டாக இருக்கும். பாம்புக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர்கள் தேர்ந்தெடுத்த பாத்திரம் அது.

சட்டை உரிக்கப்போகிற பாம்பு ஈரமும் இருட்டும் தேடும் என்று சொன்னேன் அல்லவா? நம் வீட்டில் அது எங்கே கிடைக்கும்? வைக்கோல் போரின் அடிப்பாகம், அடுக்கிய தென்னை மட்டை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் கல் இடுக்கு, குவித்த செங்கல், கைவிட்ட எலி வளை, கரையான் புற்று. இந்த இடங்களில் வேலை செய்யும்போதுதான் கண் தெரியாத பாம்பின் மேல் கை போய்விடுகிறது. மற்றச் சமயம் நம் காலடி அதிர்வைக் கேட்டே ஓடிவிடுகிற பாம்பு, இந்தச் சமயத்தில் ஓடாமல் சுருண்டு கிடந்து, தொட்டால் கடிக்கிறது. எனவே போரைப் பிரிக்கும்போது கையால் அணைத்து எடுக்காமல் கவைக்கோலால் மேலிருந்து கீழாகப் பிரியுங்கள். அடிப்பாகத்துக்கு வந்ததும் கோலால் தட்டிச் சிறிது நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். அடுத்த முறை போர் போடும்போது தரையில் போடாமல், கல் வைத்துக் கட்டை பரப்பி அதன் மேல் போட்டால் வைக்கோலும் மக்காது, அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியும்.

மோட்டார் கொட்டகையில் கண் வெளுத்த பாம்பைப் பார்த்தால், அது எந்தப் பாம்பாக இருந்தாலும், கதவைத் திறந்து வைத்துவிட்டு அன்றைக்கு வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் பாய்ச்சியே ஆக வேண்டும் என்றால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள், வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். நீங்கள் பிடிக்கப் போகாதீர்கள். காய்கறித் தோட்டத்திலும் மீன் குட்டையிலும் கட்டுகிற நைலான் வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்பு அதில் தலையை நுழைத்துவிட்டால் பின்வாங்க முடியாது, செதில் மாட்டிக்கொள்ளும். வேலை முடிந்த வலையைச் சுருட்டி உள்ளே வையுங்கள்.

கடித்துவிட்டால்? பயிர் ஆள் நான், மருத்துவன் அல்ல. ஆனாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலக் கிராமத்தில் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கிவிட்டார்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஒரு பலகை வைத்துத் தளர்வாகக் கட்டி, மோதிரம் கொலுசு மெட்டி இருந்தால் கழற்றி, 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. மந்திரிக்கிறவர் வீடு வழியில் இருந்தாலும் அங்கே நிற்காதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே இராது, வீக்கம் இராது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்கல் என்று ஆரம்பிக்கும். களத்தில் காவலுக்குப் படுக்கிறவர்கள் தரையில் படுக்காமல் கயிற்றுக் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் பிரயோசனமில்லை.

அந்தப் பையன் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தான். வரப்பில் விட்ட சாரை மறுபடியும் எப்போது சட்டை உரிக்கும் என்று. இதற்கு மாதக் கணக்கு, பௌர்ணமிக் கணக்கு எதுவும் இல்லை. குட்டிப் பாம்பு வேகமாக வளர்வதால் அடிக்கடி உரிக்கும். வளர்ந்த பாம்பு ஆண்டுக்குச் சில முறைதான் உரிக்கும். இரை நிறையக் கிடைத்தால் சீக்கிரம், இல்லாவிட்டால் தாமதம். உடம்பில் காயம் பட்டால் அதை ஆற்றிக்கொள்ள இடையில் ஒரு முறை உரிப்பதும் உண்டு. தம்பி, உங்கள் வயலில் எலி எவ்வளவு இருக்கிறது என்று உன் அப்பாவிடம் கேட்டுப் பார். சட்டையைப் பார்த்தால் தொடாமல் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வை. அடுத்த குறுவை அறுவடை முடிந்ததும் எனக்கு அந்தக் கணக்கை அனுப்பு.